கிராணி போட்ட கணக்கை நாமும் போடலாம்

பெஸ்தாரி ஜெயாவுக்குப் பத்தாங் பெர்ஜுந்தாய் என்று பெயர் இருந்த காலத்தில் அங்கே பிறந்தவன் நான். அந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-ஆம் ஆண்டு ஹென்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கினார். பின்னாளில் நாவல் எழுதி, 1930-இல் பிரான்சின் கோன்கூர் விருதையும் வாங்கியவர் அவர். தோட்டத்தின் பெயர் தமிழ். உழைத்தவர்களும் தமிழர்கள். கணக்கு மட்டும் ஆபீசுக்குள் இருந்தது.

எங்கள் பாட்டி பால் வெட்டிய காலத்தில், அவர் சுமந்து வந்த பாலின் எடையையும் அதில் ரப்பர் எத்தனை விழுக்காடு என்பதையும் கிராணி எழுதிக்கொள்வார். அந்த விழுக்காடு எப்படி வந்தது என்று கேட்கும் வழக்கம் லயத்தில் இல்லை. செம்பனைக்கு மாறிய பிறகு அப்பா வெட்டிய குலைகளுக்கும் அதே கதைதான். செக்ரோலில் விழுந்ததுதான் சம்பளம். (கிராணிகளில் பலர் நம்மவர்களே. அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.)

இன்று நான் கோலாலம்பூரில் தரவுப் பகுப்பாய்வு வேலை செய்கிறேன். மாதம் இருமுறை ஊருக்குப் போகும்போது, உயர்கல்வி படிக்கும் நம் பிள்ளைகள் சிலரோடு உட்கார்ந்து 'ஆர்' சொல்லித் தருகிறேன். ஆங்கில எழுத்து ஒன்றே அந்த மென்பொருளின் பெயர். தரவைப் படிப்பது, கணக்கிடுவது, வரைபடம் போடுவது எல்லாம் அதற்குள்ளேயே நடக்கும்.

1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்சும் அவருடைய சகாக்களும் 'எஸ்' என்ற புள்ளியியல் மொழியை உருவாக்கத் தொடங்கினார்கள். 1990-களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரு விரிவுரையாளர்கள், தங்கள் மாணவர்களுக்குச் சொல்லித்தர அதே பாணியில் ஒன்றை எழுதினார்கள். இஹாக்கா மாவோரி வம்சாவளியினர். ஜென்டில்மேன் கனடாக்காரர். இருவர் பெயருக்கும் முதல் எழுத்து 'ஆர்'. 'எஸ்' என்ற பெயரைக் கொஞ்சம் கிண்டல் செய்ததாகவும் ஆயிற்று. 1995-இல் அதை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்ற உரிமத்தோடு வெளியிட்டார்கள். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் 1.0.0 பதிப்பு வந்தது. உலகெங்கும் உள்ளவர்கள் எழுதிச் சேர்த்த கூடுதல் தொகுப்புகள் இன்று 20,000-க்கும் மேல். விலை ஒரு சென்கூட இல்லை. பழைய மடிக்கணினியே போதும்.

வகுப்பில் நான் முதலில் காட்டுவது உரக் கணக்கு. ஆர் மென்பொருளுக்குள்ளேயே 'என்பிகே' என்ற தரவு இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்த மூன்று எழுத்தும் உர மூட்டையிலிருந்தே பழக்கம்: நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் பயிற்சித் தாளிலிருந்து எடுத்த, பட்டாணிப் பயிர்ச் சோதனை அது. மொத்தம் 24 பாத்திகள், நான்கு நான்காக ஆறு பிளாக். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்று மாற்றி மாற்றிப் போட்டு, விளைச்சலை நிறுத்திருக்கிறார்கள். நைட்ரஜன் போட்ட பாத்திகளின் சராசரி 57.7 பவுண்டு, போடாதவை 52.1. பொட்டாசியத்தில் தலைகீழ்: போட்டவை 52.9, போடாதவை 56.9. பாஸ்பரஸ் போட்டவை 54.3, போடாதவை 55.5.

"அப்படியென்றால் பாஸ்பரசும் கெடுதலா, அண்ணே?" என்று ஒரு பையன் கேட்டான். அங்கேதான் புள்ளியியல் தொடங்குகிறது. உரத்தால் எந்தப் பலனும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மண்ணின் ஏற்றத்தாழ்வால் பாத்திக்குப் பாத்தி வேறுபாடு வரும். இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு? ஆர் ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. நைட்ரஜனுக்கு ஆயிரத்தில் நான்கு. பொட்டாசியத்துக்கு நூற்றில் மூன்று. பாஸ்பரசுக்கு நூற்றில் 47, அதாவது கிட்டத்தட்டக் காசு சுண்டிப் பார்ப்பது போல. அதை வைத்து நல்லது கெட்டது எதையும் சொல்ல முடியாது.

இதை எக்செல்லில் செய்யக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. செய்யலாம். ஆனால் அங்கே எந்தக் கட்டத்தில் யார் எதை மாற்றினார்கள் என்பது தெரியாமலே போய்விடலாம். ஆர் மென்பொருளில் ஒவ்வொரு படியையும் வரி வரியாக எழுதி வைக்கிறோம். அந்தத் தாளை இன்னொருவர் வாங்கி ஓட்டிப் பார்த்தால் அதே விடை வரவேண்டும். வராவிட்டால் கேள்வி கேட்கலாம். பாட்டி காலத்தில் இல்லாதது இதுதான்.

கணக்கு எப்படிப் போடப்பட்டது என்பது சின்ன விஷயமில்லை. 2016-ஆம் ஆண்டு நம் நாட்டின் வறுமை விகிதம் 0.4 விழுக்காடு என்றார்கள். அப்போது வறுமைக் கோடு மாதம் 980 ரிங்கிட். பிறகு கணக்கிடும் முறை மாறி, 2019-க்கான கோடு 2,208 ரிங்கிட் ஆனது. அந்தப் புதிய முறையில் அதே 2016-ஆம் ஆண்டின் விகிதம் 7.6 விழுக்காடு. குடும்பங்கள் அவையேதான்.

புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோசம் தளத்தில் 'கவாசன்கூ' என்ற பகுதியைப் பாருங்கள். கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் என்று நாடாளுமன்றத் தொகுதி வாரியாகவும், இஜோக், ஜெராம் என்று சட்டமன்றத் தொகுதி வாரியாகவும் விவரங்கள் உண்டு. தளத்தின் தரவுகளை இலவசமாக இறக்கி ஆர் மென்பொருளில் ஏற்றலாம். ஒரு குறை சொல்லியாக வேண்டும். இஜோக் என்றால் ஒரே எண். புது வீடமைப்புப் பகுதியும் தோட்டத்து லயமும் அதற்குள் கலந்துவிடுகின்றன. லயத்தின் நிலை தெரிய வேண்டுமானால், அதை நாமே வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதத்தான் வேண்டும்.

பெற்றோர் கேட்பது வேறு: "வேலை கிடைக்குமா, தம்பி?" வங்கி, காப்புறுதி, மருந்து ஆய்வு, பொதுச் சுகாதாரம் என்று தேவை இருக்கிறது. விளம்பரங்களில் பைத்தானும் எஸ்கியூஎல்லும் கேட்பார்கள். ஒன்றைப் பிடித்துவிட்டால் மற்றது எளிது. புள்ளியியல் தெரியாமல் மென்பொருள் மட்டும் தெரிந்தவர்களை நேர்காணலிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

புக்கிட் ரோத்தான் பக்கத்து மாணவி ஒருத்தி, தன் மாமாவின் சிறிய செம்பனை நிலத்து எடைச் சீட்டுகளை பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்தாள். பல வருடச் சீட்டுகள். சில மங்கிப்போய் எழுத்தே தெரியவில்லை. படித்ததையெல்லாம் தட்டி ஏற்றி வரைபடம் போட்டாள். சில மாதங்களில் எடை பள்ளமாக இறங்கியிருந்தது. மாமா உரத்தைக் குறை சொன்னார். நான் மழையைச் சந்தேகிக்கிறேன். செம்பனையில் ஒரு பூங்கொத்து ஆணா பெண்ணா என்பது குலை அறுப்புக்கு ஏறத்தாழ ஈராண்டுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. வறட்சியில் மரம் ஆண் பூவை அதிகம் விடும், குலை குறையும். ஆகவே இந்த ஆண்டு எடையை இந்த ஆண்டு மழையோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

அவள் இப்போது வட்டாரத்து மழை அளவுகளைத் தேடிக்கொண்டிருக்கிறாள். கிடைத்ததும் 24 மாதம் தள்ளிவைத்து ஒப்பிடுவாள். சீட்டு ஒன்றுகூடக் குறையாமல் டின் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று மாமா சொல்லி அனுப்பியிருக்கிறார்.