ஊர் பட்டினி கிடந்தபோது பட்டம் சூடிய மகாராணி! சேப்பாக்கம் வெண்கலச் சிலையின் மறுபக்கம்

சென்னை:-

பெருங்குடியில் பறக்கும் ரெயில் ஏறுங்கள். சேப்பாக்கத்தில் இறங்குங்கள். கிரிக்கெட் மைதானத்தைத் தாண்டி, வாலாஜா சாலையில் கடற்கரை பக்கம் நடந்தால் சென்னை பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ். அதன் தோட்டத்தில் இருக்கிறார் விக்டோரியா மகாராணி!

அசல் வெண்கலம். செய்தவர் லண்டன் சிற்பி ஜோசப் எட்கர் போம். ராணி அரியணை ஏறி 50 வருஷம் ஆனதைக் கொண்டாட, 1887-ல் விசாகப்பட்டினம் ஜமீன்தார் கஜபதி ராவ் கொடுத்த அன்பளிப்பு இது.

ராணி ஒரு தடவைகூட இந்தியாவுக்கு வந்தது கிடையாது. சிலைதான் வந்தது!

தாது வருஷப் பஞ்சம்

சிலை வருவதற்கு 10 வருஷம் முன்பு என்ன நடந்தது தெரியுமா?

1876-ல் மழை பொய்த்தது. சென்னை மாகாணம் முழுக்கப் பஞ்சம். பாட்டிமார்கள் சொல்வார்களே, தாது வருஷப் பஞ்சம், அதேதான். 1878 வரை நீடித்தது. நாடு முழுவதும் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல்!

அந்தப் பஞ்சத்துக்கு நடுவில்தான், 1877 ஜனவரி 1-ந் தேதி, டெல்லியில் தடபுடலாக தர்பார் கூட்டி, ராணியை 'இந்தியாவின் சக்கரவர்த்தினி' என்று அறிவித்தார்கள்.

அதே 1877-ல் நிவாரண வேலை செய்த ஆண்களின் கூலி, நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா என்று குறைக்கப்பட்டது. ஒரு பவுண்டு என்றால் அரை கிலோகூட இல்லை. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும்!

காலடியில் கால்வாய்

இப்போது நீங்கள் வந்த ரெயில் பாதையை நினைத்துப் பாருங்கள். அடையாறு தாண்டியதும் கூடவே கறுப்பாகக் கிடக்கிறதே, பக்கிங்காம் கால்வாய்! அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோ மீட்டர் தூரத்தை, 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியவர்கள் அந்தப் பட்டினி ஜனங்கள்தான். ரெயில் தூண்கள் நிற்பதும் அந்தக் கால்வாயில்தான்.

கால்வாய்க்கு வைத்த பெயரோ, அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுடையது. மண் சுமந்தவன் பெயர் எதிலும் இல்லை.

எடுக்கணுமா?

மவுண்ட் ரோட்டில் நின்ற கர்னல் நீல் சிலையை எடுக்கச் சொல்லி 1927-ல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937-ல் ராஜாஜி மந்திரிசபை அதை எடுத்து எழும்பூர் மியூசியத்துக்கு அனுப்பியது. ராணி தப்பினார்.

இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பிள்ளைகளுக்கு அந்தச் சிலையைக் காட்டுகிறவர்கள், வரும் வழியில் ஜன்னல் பக்கம் உட்காரவைத்துக் கால்வாயையும் காட்டுங்கள். மூக்கைப் பொத்திக்கொண்டாவது ஒரு நிமிஷம் பார்க்கட்டும்.

பஞ்சத்தில் செத்தவர்களுக்கு இந்த ஊரில் உள்ள பெரிய நினைவுச்சின்னம் அதுதான்!