மோட்டாருக்குள் எட்டிப் பார்க்க ஒரு இலவச சாப்ட்வேர்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லாரும் கடிதம் டைப் செய்வோம், பாட்டுக் கேட்போம், படம் பார்ப்போம், இணையத்தில் உலா வருவோம். அதே கம்ப்யூட்டரில் ஒரு மின் மோட்டாரின் இரும்புக்குள் காந்தப் புலம் எந்த வழியாக ஓடுகிறது என்று வரைந்து பார்க்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. பொறியியல் படித்தவர்களுக்கு மட்டுமே உரிய வேலை இது என்று எண்ண வேண்டாம். பிளஸ் டூ இயற்பியல் நினைவில் இருந்தால் போதும்.

இதனால் நமக்கு என்ன பயன்?

எங்கள் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் பூமி. பெரும்பாலும் மானாவாரி. கிணறோ போரோ வைத்திருப்பவருக்கு மோட்டார்தான் உயிர். பயிர் வாடும் நேரத்தில் மோட்டார் எரிந்துவிட்டால், அதை மேலே தூக்கி, காயில் கட்டி, மீண்டும் இறக்குவதற்குள் பாடுபட்டது வீணாகிவிடும்.

மோட்டார் எரிய ஒரு முக்கியக் காரணம் குறைந்த மின்னழுத்தம். 415 வோல்ட் வர வேண்டிய மும்முனை லைனில் 332 வோல்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்னழுத்தம் 80 சதவீதம். ஆனால் மோட்டாரின் திருப்பு விசை அதன் இருமடியைப் பொறுத்தது. எனவே அது 64 சதவீதமாக இறங்கிவிடும். அதே தண்ணீரைத் தூக்க மோட்டார் அதிகக் கரண்டை இழுக்கும், காயில் சூடாகும்.

இதற்கு மருந்தாக, காயில் கட்டும்போது சுற்றைக் குறைத்துக் கட்டச் சொல்பவர்கள் உண்டு. சுற்று குறைந்தால் காந்தப் புலம் கூடும், குறைந்த மின்னழுத்தத்திலும் மோட்டார் இழுக்கும். சரிதான். ஆனால் நள்ளிரவில் லைனில் முழு 415 வோல்ட் வந்தால் என்ன ஆகும்? சுற்று 10 சதவீதம் குறைந்திருந்தால் இரும்பில் காந்தப் புலம் சுமார் 11 சதவீதம் கூடும். 1.6 டெஸ்லாவில் இருந்த இரும்பு 1.78 டெஸ்லாவுக்குப் போகும். அந்த அளவில் இரும்பு நிறைவு நிலையை நெருங்கிவிடும். அதற்கு மேல் கொஞ்சம் காந்தம் ஏற்றவும் ஏகப்பட்ட கரண்ட் தேவை. மருந்தே நோயாகிவிடும்.

கண்ணுக்குத் தெரியாத இந்த நிறைவு நிலையை, செம்புக் கம்பி வாங்கும் முன்பே திரையில் காட்டுவதுதான் இந்த வகை சாப்ட்வேரின் வேலை.

எப்படிக் கணக்கிடுகிறது?

மின்சாரமும் காந்தமும் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கான சமன்பாடுகளை ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் 1865-லேயே எழுதிவிட்டார். ஆனால் பல்லும் பள்ளமுமாக இருக்கும் மோட்டாரின் வடிவத்துக்கு அவற்றைக் கையால் தீர்ப்பது நடக்காத காரியம்.

நில அளவையர் கோணல் மாணலான புஞ்சையை எப்படி அளக்கிறார்? முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அளந்து கூட்டுகிறார். இங்கும் அதே வழிதான். மோட்டாரின் படத்தை ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எளிய கணக்கு போட்டு, எல்லாவற்றையும் பக்கத்து முக்கோணத்துடன் பொருந்தும்படி சேர்த்துத் தீர்க்கிறது கம்ப்யூட்டர். 1971-ல் எம்.வி.கே. சாரி, பீட்டர் சில்வெஸ்டர் இருவரும் மின் இயந்திரங்களுக்கு இந்த முறையைப் பயன்படுத்திக் காட்டினர். அன்று பெரிய கம்ப்யூட்டர் கேட்ட வேலையை இன்று வீட்டுக் கம்ப்யூட்டர் சில நொடிகளில் முடித்துவிடும்.

ஆன்சிஸ் மேக்ஸ்வெல், காம்சால், ஜேமேக் போன்றவை நிறுவனங்கள் விலை கொடுத்து வாங்குபவை. நமக்கு ஏற்றது டேவிட் மீக்கர் உருவாக்கி இலவசமாகத் தரும் சாப்ட்வேர். எப்.இ.எம்.எம். என்பது அதன் பெயர்ச் சுருக்கம். சேர்த்து பெம் என்பார்கள். எப்.இ.எம்.எம். டாட் இன்போ என்ற தளத்தில் டவுன்லோட் செய்து, விண்டோஸ் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள்.

முதல் பயிற்சி

மோட்டாரில் தொடங்காதீர்கள். ஒரு சாதாரண கம்பிச் சுருளில் தொடங்குங்கள்.

1. பைல் மெனுவில் நியூ கொடுத்து, மேக்னடிக்ஸ் பிராப்ளம் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

2. பிராப்ளம் மெனுவில் ஆக்சிசிமெட்ரிக், சென்டிமீட்டர்ஸ், பிரிகுவென்சி 0 என்று அமையுங்கள். உருளை வடிவப் பொருளின் பாதி வெட்டுத் தோற்றத்தை மட்டும் வரைந்தால் போதும் என்பது இதன் பொருள்.

3. டேப் கீயை அழுத்தினால் புள்ளியின் அளவைக் கேட்கும். 1, -5, 1.2, -5, 1.2, 5, 1, 5 என்ற நான்கு புள்ளிகளை வைத்துக் கோடுகளால் இணையுங்கள். 10 செ.மீ. நீளச் சுருள் தயார்.

4. மெட்டீரியல்ஸ் லைப்ரரியிலிருந்து காற்றையும் செம்புக் கம்பியையும் எடுத்து, அந்தந்த இடத்தில் குறியுங்கள். சுருளுக்கு 1000 சுற்று, 1 ஆம்பியர் கொடுங்கள்.

5. வெளி எல்லைக்கு ஓபன் பவுண்டரி பட்டனைக் கிளிக் செய்து, பைலை சேவ் செய்துவிட்டு இயக்குங்கள்.

சுருளின் நடு மையத்தில் சுமார் 0.0123 டெஸ்லா வர வேண்டும். பாடப்புத்தகச் சூத்திரமும் இதையே தரும். வேறு எண் வந்தால் நீங்கள் கொடுத்த அளவு எதிலோ பிழை. விடை தெரிந்த கணக்கை முதலில் போட்டுப் பார்ப்பது இந்தத் துறையில் கட்டாயப் பழக்கம்.

அடுத்து, சுருளின் நடுவே 0.9 செ.மீ. ஆரத்தில் 1010 ஸ்டீல் தண்டு ஒன்றை வரையுங்கள். காந்தப் புலம் பல மடங்கு கூடும். இனி கரண்டை 1, 2, 4, 8, 16 ஆம்பியர் என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். முதலில் புலமும் இரட்டிக்கும். கடைசியில் கரண்ட் இரட்டித்தாலும் புலம் இரட்டிக்காது. இதுதான் நிறைவு நிலை. பட்டறையில் இதைச் செய்தால் சுருள் கருகிவிடும். கம்ப்யூட்டரில் எத்தனை முறை தவறினாலும் ஒரு முழம் கம்பிகூட வீணாகாது.

சாப்ட்வேருக்குத் தெரியாதது

எனக்குப் பழக்கமான வைண்டிங் கடை அண்ணாச்சி ஒருவரிடம் ஒரு மோட்டாரின் வண்ணப் படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "தம்பி, படம் நல்லாத்தான் இருக்கு. இது என்ன தகடுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

சரியான கேள்வி. லைப்ரரியில் இருப்பது புதுத் தகட்டின் குணம். எரிந்த காயிலைச் சூடேற்றி எடுக்கும்போது சூடு மிஞ்சினால், தகடுகளுக்கு இடையிலுள்ள காப்புப் பூச்சு கெடும். அந்த மோட்டார் பிறகு எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் கூடுதலாகச் சூடாகும். நாமாகச் சொல்லாவிட்டால் சாப்ட்வேருக்கு இது தெரியாது. மேலும் பெம் தட்டையான வெட்டுத் தோற்றத்தையோ உருளை வடிவத்தையோ மட்டுமே கணக்கிடும். மோட்டாரின் இரு முனைகளிலும் வளையும் காயில் அதன் கணக்கில் வராது.

அதனால்தான் பெரிய நிறுவனங்களும் திரையில் பார்த்ததோடு நிற்பதில்லை. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகும் வழியில் உள்ள கயத்தாறில், தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் வடிவமைத்த காற்றாலையையும் இப்படி நிஜக் காற்றில் நிறுத்தி அளந்து பார்த்தே ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆகவே பெம் படத்தை மட்டும் நம்பி உங்கள் கிணற்று மோட்டாரின் சுற்றை மாற்றச் சொல்லாதீர்கள். ஆனால் யாராவது "சுற்றைக் குறைத்துக் கட்டலாமா?" என்று கேட்டால், "முழு மின்னழுத்தம் வரும்போது இரும்பு தாங்குமா?" என்று திருப்பிக் கேட்க இப்போது உங்களுக்குத் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் கம்பிச் சுருளை வரைந்து பாருங்களேன்.