கைப்பட்ட உலோகங்கள் - 9: ஈயமில்லா ஈயம்

ஆரையம்பதியில் கல்முனை வீதியை ஒட்டி மோட்டோர் சுற்றும் கடை ஒன்று இருக்கிறது. தண்ணீர்ப் பம்பி, மின்விசிறி, பழைய றேடியோவின் சுருள் என்று எரிந்துபோனதெல்லாம் அங்கேதான் வந்து சேரும். மூலையில் மின் அடுப்பு, அதன்மேல் ஒரு சட்டி, சட்டிக்குள் உருகிய ஈயம். தடித்த செப்புக்கம்பி என்றால் வார்னிஷைப் பிளேட்டால் சுரண்டி, நுனிகளை முறுக்கி, ரெசின் தொட்டு, சட்டிக்குள் ஒருதரம் முக்கி எடுப்பார் கடைக்கார அண்ணன். மயிர்க்கம்பி என்றால் சுரண்டல்கூட இல்லை. சூட்டிலேயே வார்னிஷ் பொசுங்கிவிடும். வெளியே வரும் நுனி கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும். மின்னினால் நல்ல பற்று, மங்கினால் திரும்ப முக்கு. முப்பது வருடமாக அவருக்கு இருந்த தரப் பரிசோதனை அதுதான்.

மூன்று மாதத்துக்கு முன் கொழும்பிலிருந்து ஈயம் கலக்காத கட்டி ஒன்று அவர் கைக்கு வந்தது.

"தம்பி, இது என்ன ஈயம்? ஈயமில்லாத ஈயம் எண்டு சொல்றானுகள். முக்கி எடுத்தா முகமே இல்ல, சாம்பல் அப்பின மாதிரிக் கிடக்கு."

அவர் சிரித்தது நியாயம்தான். தமிழில் ஈயம் என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் குடியிருக்கின்றன. பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவது வெள்ளீயம். வாவிக்காரர் வீச்சுவலையின் விளிம்பில் கோக்கிற குண்டு காரீயம். பழைய பற்றறித் தட்டை உருக்கி வார்ப்பதும் உண்டு. பற்றவைக்கும் ஈயம் இந்த இரண்டின் கலவை. வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகும், காரீயம் 327இல். 63 பங்கு வெள்ளீயத்தோடு 37 பங்கு காரீயத்தைச் சேர்த்தால் 183 பாகையிலேயே உருகிவிடும். இரண்டும் தனித்தனியே காட்டாத இளக்கத்தைச் சேர்ந்தபோது காட்டுகின்றன. இந்தச் சௌகரியத்தில்தான் றேடியோவும் தொலைக்காட்சியும் பிறந்து வளர்ந்தன.

அதை மாற்றச் சொன்னது ஐரோப்பா. 2003இல் இயற்றிய சட்டம் 2006 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது. இலத்திரனியல் பொருளின் எந்த ஒரு பகுதியிலும் காரீயம் எடையில் 0.1 வீதத்தைத் தாண்டக்கூடாது, அதாவது கிலோவுக்கு ஒரு கிராம். சில விதிவிலக்குகள் உண்டு. சட்டம் எங்கோ எழுதப்பட்டாலும், கட்டுநாயக்கவிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஐரோப்பாவுக்குச் சாமான் செய்கிறவர் அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். இந்தியாவின் மின்கழிவு விதிகளிலும் இதே வரம்பு 2014 மே 1 முதல் வந்தது.

கட்டியை மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைத்த கொம்பனிகள் முதலில் சட்டியைப் பறிகொடுத்தன. புதுக்கலவைகளில் 95 வீதத்துக்கு மேல் வெள்ளீயம். மிச்சம் கொஞ்சம் செம்பு, சிலவற்றில் வெள்ளி. மலிவான வெள்ளீய-செம்புக் கலவை உருகவே 227 பாகை வேண்டும், ஆகவே சட்டியின் சூடும் கூடுகிறது. சூடான வெள்ளீயம் பசி பிடித்த உலோகம். பழைய கலவையை வருடக்கணக்கில் தாங்கிய துருப்பிடிக்காத உருக்குச் சட்டியை அது மெல்ல அரித்து ஓட்டை போட்டது. வார்ப்பிரும்பு, டைட்டேனியம், மேற்பூச்சுப் பூசிய உருக்கு என்று புதுச்சட்டி வாங்க வேண்டியதாயிற்று. பழைய சட்டியைக் கழுவி எடுக்கலாமே என்றால், ஓரத்தில் ஒட்டிய காரீயமே அந்த ஒரு கிராம் வரம்பை உடைத்துவிடும்.

அடுத்த இரை செம்பு. முக்கும் ஒவ்வொரு நுனியிலிருந்தும் கொஞ்சம் செம்பு சட்டிக்குள் கரைகிறது. புதுக்கலவையில் இது இன்னும் வேகம். மயிர்க்கம்பியைக் கூடுதலாக ஒரு நொடி பிடித்தால் நுனி மெலிந்து அறுந்தும் போகலாம். கரைந்த செம்பு வெள்ளீயத்தோடு சேர்ந்து ஊசி ஊசியாகப் படிகமாகும். அதன் அடர்த்தி ஏறக்குறைய 8.3. பழைய கலவையின் அடர்த்தி 8.4 என்பதால் படிகம் மேலே மிதந்தது. சட்டியைச் சற்று ஆறவிட்டு, கரண்டியால் வழித்தெறிந்தார்கள். புதுக்கலவைக்கு 7.4தான். அதே படிகம் இதில் அடியில் போய்ப் படுத்துவிடுகிறது. மேலே பார்த்தால் சட்டி சுத்தம்.

மங்கல் நிறத்தைப் பற்றி அண்ணனுக்கு ஆறுதல் சொன்னேன்: ஈயமில்லாப் பற்று நல்லதாக இருந்தாலும் மங்கலாய்த்தான் தெரியும். அவர் நம்பவில்லை. முப்பது வருடத்துக் கண்ணை ஒரு பின்னேரத்தில் மாற்ற நான் யார்?

"பழசில புகைதானே நஞ்சு? நான் காத்தாடி போட்டுத்தான் வேலை செய்யிற" என்றார். புகை பெரும்பாலும் ரெசினுடையது. அதுவும் நெஞ்சுக்கு ஆகாதுதான், ஈளையில் கொண்டுபோய் விடும். ஆனால் இந்தச் சூட்டில் காரீயம் ஆவியாகி எழுவது மிகக் குறைவு. அது உள்ளே போவது கைவழி. வழித்தெறியும் சாம்பல் தூள் விரலில் ஒட்டும். விரல் பணிசைத் தொடும். அவருடைய பிளேன்டீக் கோப்பை சட்டிக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. பேசிக்கொண்டே அதை நகர்த்தி வைத்தேன். திரும்ப எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தார்.

மறுகா அவர் இன்னொரு குறை சொன்னார். புதுக்கலவைச் சட்டி இப்போது கஞ்சிபோல் இறுகுகிறதாம். நுனிகளில் வால் வால் ஆகத் தொங்குகிறதாம். மேலே எத்தனை தரம் வழித்தும் மாறவில்லையாம். அடுப்பைக் குறைத்துக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். பிறகு துளையுள்ள கரண்டியை அடிவரைக்கும் விடச் சொன்னேன். விட்டார். வாவிக்கரை மணலைக் கிளறுவதுபோல் நறநறத்தது. தூக்கியபோது கரண்டி நிறைய நரைத்த ஊசிகள்.

"அட, கீழயா கிடந்த நீ?" என்றார், கரண்டியைப் பார்த்து.

(தொடரும்)