உப்புத் தண்ணீரும் நம் வீட்டுச் சாதனங்களும்

நம் வீட்டு கெய்சர் மூன்றே ஆண்டுகளில் தண்ணீரைச் சூடாக்க மறுத்துவிட்டது. பழுது பார்க்க வந்த தம்பி காயிலைக் கழற்றிக் காட்டினார். சுண்ணாம்பில் தோய்த்த குச்சி போல அது வெளுத்துத் தடித்திருந்தது. "மிஷின்ல கோளாறு இல்ல ஹஜ்ரத், எல்லாம் தண்ணி பண்ற வேலை" என்றார். மதுரையில் போர் தண்ணீர் புழங்கும் குடும்பங்களுக்கு இது பழகிய கதைதான். ஆனால் அந்தத் தண்ணீர் என்ன செய்கிறது என்பதை நம்மில் பலர் அறிந்திருப்பதில்லை.

மாநகராட்சிக் குழாயில் வருவது பெரும்பாலும் ஆற்று நீர். அது போதாத இடங்களிலும் புறநகர்களிலும் ஆழ்துளைக் கிணறே கதி. பல வீடுகளில் இரண்டும் ஒரே தொட்டியில் கலந்துவிடுகின்றன. போர் தண்ணீரை நாம் 'உப்புத் தண்ணீர்' என்கிறோம். ஆனால் சாதனங்களைக் கெடுப்பது சமையல் உப்பல்ல. கால்சியம், மக்னீசியம் ஆகிய தாதுக்களே. இவை மிகுந்த நீரைத்தான் கடின நீர் என்பார்கள்.

மழைநீர் மண்ணில் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலத்தன்மை பெறுகிறது. பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கி, அங்குள்ள தாதுக்களைக் கரைத்துக்கொள்கிறது. அந்த நீரைச் சூடாக்கினால் இது தலைகீழாக நடக்கிறது. வாயு வெளியேற, கரைந்திருந்த கால்சியம் சுண்ணாம்புப் படிவமாகப் பாத்திரத்திலும் காயிலிலும் ஒட்டிக்கொள்கிறது.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரப்படி (ஐ.எஸ். 10500), மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கப்படுகிறது. ஒரு வீட்டு நீரின் அளவு 500 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1000 லிட்டர் தொட்டியில் அரைக் கிலோ சுண்ணாம்புக்குச் சமமான தாது கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கிறது.

எந்தச் சாதனத்துக்கு என்ன பாதிப்பு?

கெய்சர்: படிவத்தின் வழியே வெப்பம் எளிதில் கடக்காது. தண்ணீர் சூடாக நேரமாகும், மின்கட்டணம் கூடும். உள்ளே வெப்பம் தேங்கிக் காயில் எரிந்துவிடும். இதைவிட ஆபத்தானது, அதிக அழுத்தத்தை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு அடைத்துக்கொள்வது. அப்படி நேர்ந்தால் தொட்டி வெடிக்கவும் கூடும்.

வாஷிங் மெஷின்: சலவைத் தூளின் ஒரு பகுதி கால்சியத்தோடு போராடுவதிலேயே தீர்ந்துவிடும். நுரை குறைகிறதென்று தூளைக் கூட்டுவோம், துணியோ விறைத்து வெளுத்துப் போகும்.

ஆர்.ஓ. கருவி: வடிகட்டும் சவ்வில் படிவம் ஏறி, நீர் வரத்து குறையும்.

அடுப்படியிலும் இதே கதைதான். துவரம்பருப்பு எளிதில் வேகாது. இட்லிப் பானையின் அடியில் வெள்ளை படியும். நம் வீட்டுப் பெண்கள் அதில் எலுமிச்சைத் தோலோ புளியோ போடுவது வெறும் பழக்கமல்ல. புளிப்பிலுள்ள அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கிறது. தீர்வுக்கான வழியும் அதிலேயே இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

முதலில் நீரைப் பரிசோதியுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் உண்டு. டி.டி.எஸ். மீட்டர் கரைந்துள்ள எல்லாவற்றின் மொத்த அளவையே காட்டும், கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது.

சூடாக்கும் சாதனங்களுக்கு முடிந்தவரை ஆற்று நீரையோ சேமித்த மழைநீரையோ பயன்படுத்துங்கள். மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் அந்தக் குழாய் இன்று பெயருக்குத்தான் நிற்கிறது.

கெய்சரின் சூட்டை மிதமாக வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஆள் வைத்துச் சுத்தம் செய்து, வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். வாஷிங் மெஷினில் துணியில்லாமல், எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலத்தைப் போட்டுச் சுடுநீரில் ஓட்டலாம். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைச் சாதனங்களில் ஊற்றாதீர்கள். உலோகத்தை அது அரித்துவிடும். அதைப் பிளீச்சிங் பவுடருடன் கலந்தால் உயிருக்கே ஆபத்தான குளோரின் வாயு கிளம்பும்.

வீடு முழுமைக்கும் தீர்வு வேண்டுவோர் 'வாட்டர் சாஃப்ட்னர்' பொருத்தலாம். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடும். எனவே இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்த நீரைக் குடிக்குமுன் மருத்துவரைக் கேட்பது நல்லது.

கடின நீரைக் குடித்தால் உடம்புக்கு ஆகாதே என்று அஞ்சுவோர் பலர். உலகச் சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கென்று உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் விதிக்கவில்லை. ஆனால் போர் தண்ணீரில் நைட்ரேட், ஃபுளோரைடு போன்றவை இருக்கலாம். ஆகவே குடிக்கும் நீருக்குப் பரிசோதனை அவசியம்.

இந்தத் தண்ணீரில் ஒளுக் கூடுமா என்றும் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. தாராளமாகக் கூடும். நிலத்தின் தாதுவால் சுவை மாறுவது நீரின் தூய்மையைக் கெடுக்காது.

ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். வீட்டு ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்குத் தள்ளுகிறது. அந்தக் குழாயின் அடியில் ஒரு வாளியை வையுங்கள். தரை துடைக்கவும் கழிவறைக்கும் அது போதும்.