வந்த நிவாரணம் யாருக்குப் போனது?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தாமிரபரணிக் கரையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. நெல்லை சந்திப்புப் பேருந்து நிலையம் மூழ்கியது. கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுவிட, ஏறத்தாழ 800 பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரும் மீட்புப் படையும் வந்து சேருவதற்கு முன்பே அவர்களுக்குப் பொங்கிப் போட்டவர்கள் பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள்.

மழை விட்டதும் வண்டிகள் வரத் தொடங்கின. மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் சென்னையிலிருந்தும் அரிசி, பாய், போர்வை, பிஸ்கட், தண்ணீர் பாட்டில் எல்லாம் வந்தன. ஜமாஅத், திருச்சபை, கோயில் குழு, ரசிகர் மன்றம், கட்சி, தொண்டு நிறுவனம் என யார் யாரோ வந்து கொடுத்தார்கள். கூடவே பழைய சண்டையும் வந்துவிட்டது. "இவங்களுக்கு எங்கிருந்து துட்டு வருது? போட்டோவுக்கா, ஓட்டுக்கா, மதம் மாத்தவா?" கொடுப்பவரின் நோக்கத்தைப் பற்றி நாம் சலிக்காமல் பேசுகிறோம். வந்த பொருள் எவ்வளவு, யாருக்குப் போனது, எந்தத் தெரு விடுபட்டது என்று கேட்பவர்கள்தான் குறைவு. வெள்ளத்தில் நிற்பவருக்கு உதவக்கூடிய கேள்வி இதுதான், சட்டமும் இதன் பக்கம்தான் நிற்கிறது.

நோக்கத்தைப் பற்றிய சண்டை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சுட்டெரித்தபோது, ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் வேண்டுகோளை ஏற்று லண்டன் மேயர் 1877 ஆகஸ்டில் மேன்ஷன் ஹவுஸ் நிதியைத் தொடங்கினார். நெல்லைச் சீமையில் இடையன்குடியில் மிஷனரி கால்டுவெல்லும் பாளையங்கோட்டையில் மிஷனரி சார்ஜென்டும் பஞ்ச நிவாரணத்தில் இறங்கினார்கள். அந்த ஆண்டுகளில் பல்லாயிரம் பேர் கிறித்தவத்தில் சேர்ந்தார்கள். இவர்கள் கஞ்சிக்காகச் சேர்ந்தவர்களா, மனம் மாறிச் சேர்ந்தவர்களா என்ற கேள்வி மிஷன்களுக்குள்ளேயே எழுந்தது. களக்காட்டுப் பக்கம் இருக்கும் டோனாவூர் என்ற ஊரின் பெயரே, மிஷனரி இரேனியஸ் காலத்தில் பணம் அனுப்பிய டோனா என்ற பிரஷ்யப் பிரபுவின் பெயர்தான். வெளிநாட்டுப் பணம் நம் ஊர்ப் பெயர்ப் பலகையில் இரு நூற்றாண்டுகளாக இருக்கிறது.

கூடங்குளத்தில் அந்தச் சண்டை இன்னும் கடுமையாக வெடித்தது. 2011-ல் இடிந்தகரையில் அணு உலை எதிர்ப்புப் போராட்டம் சூடுபிடித்தபின், 2012 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அமெரிக்கப் பின்னணி கொண்ட தொண்டு நிறுவனங்களைக் குறைசொல்லி 'சயன்ஸ்' இதழுக்குப் பேட்டி கொடுத்தார். தென் மாவட்டங்களில் சில நிறுவனங்களின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. சட்டத்தை மீறியவர் தண்டனை பெற வேண்டியதுதான். ஆனால் ஒரு கணக்கை முடக்கினால் அந்த நிறுவனத்தை நம்பி வாழும் முதியவரும் மாற்றுத்திறனாளியும் மறுநாள் காலை எங்கே போவார்கள் என்பதற்கும் யாராவது பொறுப்பேற்க வேண்டாமா? அந்த வாதத்தில் இரு தரப்பிலும் இந்தக் கேள்வி அமுங்கிப்போனது என்றே நினைக்கிறேன்.

இனி சட்டத்துக்கு வருவோம். பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 என்று ஒன்று இருக்கிறது. அதன் 61-வது பிரிவு, பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணமோ இழப்பீடோ வழங்கும்போது பாலினம், சாதி, சமூகம், வம்சம், மதம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. தொண்டு நிறுவனங்கள் சமமாகவும் பாகுபாடின்றியும் வேலை செய்வதை உறுதிப்படுத்தும் அதிகாரத்தை 34-வது பிரிவு மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குக் கொடுக்கிறது. அந்த ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர். ஆக, "அது தனியார் வண்டி, அவங்க இஷ்டப்பட்ட இடத்துல கொடுப்பாங்க" என்று எந்த அதிகாரியும் கைகழுவ முடியாது.

இது ஏன் முக்கியம் என்று நம் பக்கத்து ஊர்களைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நிவாரண வண்டி நெடுஞ்சாலையில் நிற்கும். சாலையோர ஊர்க்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். உள்ளே வாய்க்காலைத் தாண்டி இருக்கும் காலனிக்கு வண்டி போகாது, போனாலும் ஊர்ப் பெரியவர் ஒருவர் கை காட்டிய பிறகுதான் போகும். 2004 சுனாமியின்போது நாகப்பட்டினம் கரையில் தலித் குடும்பங்கள் நிவாரணத்தில் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. வெளியூரிலிருந்து வருபவருக்கு இந்தச் சாதிக் கோடுகள் கண்ணுக்குத் தெரியாது. நல்ல மனத்தோடு வந்து, உள்ளூர்க்காரர் ஒருவர் எழுதிக்கொடுத்த பட்டியலைப் பார்த்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் திரும்பிவிடுவார். பட்டியலை எழுதியது யார் என்று கேட்பதே முதல் பாதுகாப்பு. வண்டி கிளம்பும் முன் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077-ல் அழைத்து, எந்தக் குடியிருப்புக்கு இன்னும் எதுவும் போகவில்லை என்று கேட்டுவிட்டுப் புறப்படலாம். விடுபட்டவர்களும் அதே எண்ணில் அழைத்துப் பதிவு செய்யலாம்.

முகாமில் தங்குபவர்களுக்கும் உரிமைகள் உண்டு. அதே சட்டத்தின் 12-வது பிரிவுப்படி தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் குறைந்தபட்ச அளவுகளை வகுத்திருக்கிறது. ஒருவருக்கு மூன்றரை சதுர மீட்டர் இடம், பெரியவருக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரி உணவு, 30 பேருக்கு ஒரு கழிப்பறை என்று அது போகிறது. பள்ளிக்கூட வராந்தாவில் படுத்துக்கொண்டு, கிடைத்ததே பெரிது என்று இருக்கும் தாய்க்கு இதை யாரும் சொல்வதில்லை. கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும் பெண்கள் ஒவ்வொரு வெள்ளத்திலும் இருக்கிறார்கள். கேட்டால் நன்றிகெட்டவள் என்பார்களோ என்ற பயம் அவர்களுக்கு. கேட்பது உரிமை.

நிவாரணப் பை வாங்கும்போது ஆதார் நகலைக் கேட்கும் தனியார் அமைப்புகளும் உண்டு. கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கொடுக்க நேர்ந்தால் எண்ணின் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள், நகலின் குறுக்கே 'வெள்ள நிவாரணத்துக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போடுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைரேகையோ வேண்டவே வேண்டாம். முகத்தைக் காட்டிப் போட்டோ எடுத்தால்தான் பை கிடைக்கும் என்றால், வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. பெட்டிகளையும் பட்டியலையும் படமெடுத்தாலே கணக்குக் காட்டப் போதுமானது. இன்னொரு பக்கமும் உண்டு: பாதிப்பே இல்லாமல் பொய் சொல்லி அரசிடம் நிவாரணம் வாங்குவது பேரிடர் சட்டத்தின் 52-வது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

கொடுப்பவர்களுக்கு இருக்கும் ஆபத்து வேறு வகை. வெள்ளச் செய்தி வந்த சில மணி நேரத்திலேயே வாட்ஸ்அப்பில் கியூ.ஆர். கோடுகள் சுற்றத் தொடங்கும். ஸ்கேன் செய்ததும் திரையில் தெரியும் பெயரைப் பாருங்கள். அறக்கட்டளையின் பெயரில் கேட்டுவிட்டுத் தனிநபர் கணக்குக் காட்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 80ஜி வரிச்சலுகை உண்டு என்று சொல்பவரிடம் பான் எண்ணைக் கேட்டு, வருமான வரித் துறை இணையதளத்தில் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று சரிபார்க்கலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. அரிசி மூட்டைக்கும் கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் கிடையாது. முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்குக் கொடுத்தால் பழைய முறையில் முழுத் தொகைக்கும் கழிவு உண்டு. பணம் போய்விட்டது, ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் வெட்கப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு அதிகம்.

பொருளாகக் கொடுப்பவர்களுக்கு நாகப்பட்டினம் ஒரு பாடம். சுனாமிக்குப் பின் அங்கே பழைய துணி சாலையோரத்தில் மலையாகக் குவிந்து கிடந்தது. மீனவப் பெண்கள் உடுத்த முடியாத துணிகள் அவை. அவற்றை அகற்றுவதே அரசுக்குத் தனி வேலையானது. டெல்லியின் கூஞ்ச் என்ற தொண்டு அமைப்பு அவற்றை எடுத்துப் பிரித்து வேறு பயனுக்குத் திருப்பியது. நம் அலமாரி காலியாக வேண்டும் என்பதற்காகக் கொடுப்பது நிவாரணம் ஆகாது.

'நூற்றுக்கு நூறும் மக்களுக்கே, நிர்வாகச் செலவே இல்லை' என்று விளம்பரம் செய்யும் அமைப்பைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் கூடுகிறது. வண்டிக்கு டீசல் வேண்டும், ஓட்டுநருக்குச் சம்பளம் வேண்டும், கணக்கு எழுத ஒருவர் வேண்டும். அந்தச் செலவை மறைப்பவரைவிட, இவ்வளவு ஆனது என்று எழுதிக் காட்டுபவரையே நம்பலாம்.

நெல்லை, தூத்துக்குடிக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு சட்டம் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010. துபாயிலோ சவூதியிலோ வேலை பார்க்கும் அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக ஊர் நற்பணி மன்றத்துக்கு அனுப்பலாம், அது வெளிநாட்டு நன்கொடையில் சேராது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்பினால் கதை வேறு. அவரிடம் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அவர் வெளிநாட்டவர். உறவினருக்குத் தனிப்பட்ட முறையில் அவர் அனுப்பலாம். 2022 விதிகளின்படி ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அரசுக்குத் தெரிவிக்கவும் தேவையில்லை. ஆனால் இந்தச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத மன்றத்தின் கணக்கில் அது விழுந்தால், நல்லது செய்யப்போன மன்றத் தலைவர் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உள்ள வழக்கில் சிக்கலாம்.

2020 திருத்தம் இதை இன்னும் இறுக்கியது. வெளிநாட்டுப் பணம் முதலில் டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. பதிவு பெற்ற ஓர் அமைப்பு அந்தப் பணத்தை இன்னோர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் தடை வந்தது. கண்காணிப்பு வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கடைசித் தடை வெள்ளக் காலத்தில் ஏழைகள் தலையில்தான் விழுகிறது. ஏரலிலோ ஆத்தூரிலோ எந்தச் சந்து தாழ்வானது, எந்த வீட்டில் படுத்த படுக்கையாகப் பாட்டி இருக்கிறார் என்று தெரிந்தவை உள்ளூர்ச் சின்ன அமைப்புகள். பெரிய அமைப்பின் வெளிநாட்டுப் பணம் இனி அவற்றின் கைக்குப் போக வழியில்லை.

தவறு நடந்தால் எங்கே போவது? நிவாரணத்துக்கென ஒப்படைத்த பணத்தையோ பொருளையோ கையாடுவது பேரிடர் சட்டத்தின் 53-வது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைக்குரியது. அதிகாரி, தொண்டு நிறுவனம், தெருக் கமிட்டி எல்லோருக்கும் அது பொருந்தும். தனிநபர் நேராக நீதிமன்றம் போக வேண்டுமானால் 60-வது பிரிவின்படி முப்பது நாள் முன்னறிவிப்பைச் சம்பந்தப்பட்ட ஆணையத்துக்கோ அரசுக்கோ கொடுத்திருக்க வேண்டும். இந்த ஒரு படியைத் தவறவிட்டால் புகார் வீணாகிவிடும். நம்பிக்கை மோசடிக்கும் ஏமாற்றுக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316, 318 பிரிவுகளில் காவல் நிலையத்தில் தனியாகவே புகார் கொடுக்கலாம்.

அமைப்பு சங்கமாகப் பதிவானது என்றால் மாவட்டப் பதிவாளரிடம் போகலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் 36-வது பிரிவில் அவர் கணக்குகளை விசாரிக்க முடியும். சங்க உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்டாலும் விசாரணை உண்டு, ஆட்சியர் கேட்டாலும் உண்டு. உறுப்பினர் அல்லாத சாதாரண ஆளுக்கு இதுதான் வாசல்: திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில், 36-வது பிரிவைக் குறிப்பிட்டு ஆட்சியரிடம் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பொது அறக்கட்டளை என்றால், அதில் அக்கறையுள்ள இருவர் சேர்ந்து நீதிமன்ற அனுமதியுடன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-வது பிரிவில் வழக்குப் போடலாம். அரசுப் பணம் கணிசமாகப் பெறும் தனியார் அமைப்பும் தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்று 2019-ல் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. வெள்ளத்தில் பெற்றோரை இழந்த பிள்ளையை எந்தக் காப்பகமும், எவ்வளவு நல்ல பெயர் இருந்தாலும், தானாக அழைத்துப் போக முடியாது. 24 மணி நேரத்துக்குள் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். இளைஞர் நீதிச் சட்டம், 2015-ன்படி பதிவில்லாத காப்பகம் நடத்துவது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைத்தால் போதும்.

மழைக்கு முன்பே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அக்டோபர் 2 கிராம சபை வடகிழக்குப் பருவமழைக்குச் சரியாக முன்னால் வருகிறது. தாழ்வான தெருக்கள், குடும்ப அட்டை இல்லாத வாடகைக் குடும்பங்கள், தனியாக வாழும் முதியோர் ஆகியோரின் பட்டியலை அங்கேயே வாசித்துத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். நிவாரணம் வந்தால் வரவு-பங்கீட்டுக் கணக்கை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுவது என்றும் அதே தீர்மானத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். தீர்மானத்தின் நகல் ஒன்றை வட்டாட்சியருக்கு அனுப்பி வையுங்கள்.