பௌர்ணமிக்கு எத்தனை ஆம்புலன்ஸ்?

பௌர்ணமி ராத்திரி திருவண்ணாமலையில இறங்கிப் பாருங்க. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கத் தலை, தலை, தலை! இதுல எத்தனை பேர் மயங்கி விழுவாங்க, எத்தனை ஆம்புலன்ஸ் நிறுத்தணும்? நாம மார்க்குக்காக மனப்பாடம் பண்ற பாய்சான் ஃபார்முலாவுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது பாஸ்!

கணக்குக்காக அஞ்சு லட்சம் பேர் நடக்கறதா வெச்சுப்போம். லட்சத்துல ஒருத்தருக்கு ஆம்புலன்ஸ் தேவை. தேவைப்படும், படாது... ரெண்டே சான்ஸ். அப்படின்னா பைனாமியல். ஆனா, ஃபார்முலாவுல 5,00,000 ஃபேக்டோரியல்னு ஒரு பூதம் உட்கார்ந்திருக்கு. நம்ம சயின்டிஃபிக் கால்குலேட்டர் பாவம், 69 ஃபேக்டோரியலுக்கு மேல தாங்காது. 70 போட்டா 'மேத் எரர்'!

பிரெஞ்சுக்காரர் பாய்சான் 1837-லயே இதுக்குக் குறுக்கு வழி சொல்லிட்டார். ஆட்கள் ரொம்ப அதிகம், வாய்ப்பு ரொம்பக் குறைவுன்னா, ரெண்டையும் பெருக்கினா வர்ற லாம்டா மட்டும் போதும். இங்கே லாம்டா 5. பூதம் அவுட்!

'அப்ப அஞ்சு வண்டி போதுமே'னு சொல்லிடாதீங்க. கூட்டத்துல ஒரு வண்டி ராத்திரிக்கு ஒரு ட்ரிப்தான் அடிக்க முடியும்னா, 100 பௌர்ணமியில சுமார் 38-ல ஆறாவதா ஒருத்தர் ரோட்டோரம் காத்துக்கிட்டிருப்பார். யாரோ ஒருத்தரோட அம்மாவா இருக்கலாம். பத்து வண்டி நிறுத்தினா, பத்தாமப் போறது 100-ல ஒரு தடவைக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். சராசரியை மட்டும் பார்த்தா இது தெரியவே தெரியாது.

நிஜத்துல ஒத்து வருமா? 1898-ல போர்ட்கீவிச் செக் பண்ணிட்டார். பிரஷ்ய ராணுவத்துல குதிரை உதைச்சு செத்தவங்க கணக்கு (என்னா டேட்டா!). 10 படைப்பிரிவு, 20 வருஷம், 122 சாவு. ஒரு சாவுகூட இல்லாத பதிவுகள் 200-ல 109. ஃபார்முலா சொன்னது 108.7!

ஆனா ஒரு கண்டிஷன். கணக்குல 'இண்டிபெண்டன்ட்'னு ஒரு வார்த்தை வரும். நாம தாண்டிப் போயிடுவோம். ஒருத்தர் மயங்கினா அது பக்கத்துல நடக்கறவரைப் பாதிக்கக் கூடாதுன்னு அர்த்தம். நெரிசல்ல அப்படியா? ஒருத்தர் விழுந்தா அவர் மேல பத்துப் பேர். 1992 கும்பகோணம் மகாமகத்துல பல பேர் உயிர் போனது அப்படித்தான். அந்த மாதிரி நாளுக்கு லாம்டாவை நம்பி வண்டி நிறுத்தினா, பத்து இல்ல, இருபதுகூடப் பத்தாது.