எந்தக் கூட்டம் திரையில், எந்தக் கூட்டம் நேரில்?

செரண்டாவில் காலையில் கேடிஎம் கொம்யூட்டர் ஏறுபவர் ரவாங், சுங்கை பூலோ, கெப்போங் கடந்து கேஎல் சென்ட்ரலில் இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரமாகிறது. அலுவலகத்துக்குப் போய் அவர் செய்யும் முதல் வேலை மடிக்கணினியைத் திறந்து இயங்கலைக் கூட்டத்தில் சேருவதுதான் என்றால், இந்தப் பயணம் எதற்கு என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எழுந்த கேள்வி இது. இன்னும் தீரவில்லை.

அதே ஊரில் வேறு பலரும் வேலைக்குப் போகிறார்கள். பக்கத்துச் சுங்கை சோவில் பெரோடுவா கார்கள் உருவாகின்றன. செரண்டாவிலேயே ரோல்ஸ்-ராய்ஸ் விமான இயந்திரங்களுக்கான விசிறி உறைகள் தயாராகின்றன. இயந்திரத்தின் முன் நிற்பவரால் வேலையை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

திருத்தப்பட்ட 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதன் 60பி, 60கியூ பிரிவுகளின்படி, வேலை நேரம், வேலை நாள், வேலையிடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்துமூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் வாய்மொழியாகத் தட்டிக்கழிக்கவும் முடியாது.

ஆய்வுகள் காட்டுவது என்ன?

மெலனி புரூக்ஸ், ஜொனதன் லெவாவ் இருவரின் ஆய்வு 2022-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. 602 பேரை இருவர் இருவராகப் பிரித்து, ஒரு பொருளுக்குப் புதுப் பயன்களை யோசிக்கச் சொன்னார்கள். நேரில் பேசியவர்களை விட, காணொளியில் பேசியவர்களுக்குக் குறைவான யோசனைகளே தோன்றின. திரையை விட்டுக் கண் அகலாதபோது சிந்தனையும் குறுகிவிடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆனால் வந்த யோசனைகளில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் காணொளிக் குழுக்கள் பின்தங்கவில்லை.

பயணச் சுமையையும் மறக்கக் கூடாது. சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியர்களிடம் நடந்த சோதனையின் முடிவுகள் 2024-இல் வந்தன. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களிடையே வேலையை விட்டு விலகுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது; வேலைத்தரம் குறையவில்லை. தொலைவிலிருந்து வருபவர்கள் இதனால் கூடுதலாகப் பயனடைந்தார்கள். செரண்டாவிலிருந்து ரயிலேறுபவர் விண்ணப்பத்தோடு இதையும் எடுத்துக்காட்டலாம்.

நேரில் நின்றால் மட்டும் போதுமா?

போதாது என்பதைத் தோட்டத்துத் தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது காலை வருகைப் பதிவுக்கு, வந்து நின்ற நம் முன்னோர் கங்காணி, கிராணி, துரை எல்லோரையும் நாள்தோறும் நேரில்தான் பார்த்தார்கள். பார்த்தார்களே தவிர, பேச முடியவில்லை. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டிய காலம் அது. 1941-இல் ஆர்.எச்.நாதன் முதலானோர் தலைமையில் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு, அப்படி இறங்க வேண்டியதில்லை என்பதும், பேசவும் கூடவும் உரிமை வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளாயின. அச்சமின்றிப் பேச இடமிருந்தால்தான் நேர்ச் சந்திப்பால் பலன் உண்டு.

என்ன செய்யலாம்?

நிலவரம் சொல்வது, அட்டவணை போடுவது, முன்பே பேசியதை முடிவு செய்வது எல்லாம் திரையிலேயே முடியட்டும். புதிதாக யோசிப்பது, புதியவருக்குத் தொழில் பழக்குவது, மனக்குறை கேட்பது, ஒருவரின் வேலையைப் பாதிக்கும் செய்தியைச் சொல்வது ஆகியவற்றுக்கு நேரில் உட்கார வேண்டும். ஷிப்ட் தொழிலாளியின் குறையை வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்புப் போட்டு முடித்துவிடக் கூடாது. எல்லார் பார்வையிலும் உள்ள குழுவில் தன் குறையை அவர் எப்படி எழுதுவார்?

மலேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் 2025 மார்ச் 1 முதல் பொதுக்கூட்டங்களை முழுக்க இயங்கலையில் நடத்த முடியாது. பங்குதாரர் நேரில் வந்து கேள்வி கேட்க வழி இருக்க வேண்டும். முதல் போட்டவருக்குள்ள அந்த வாய்ப்பு உழைப்பைப் போட்டவருக்கும் வேண்டும். தொழிற்சங்கங்கள் அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இதை ஒரு கோரிக்கையாகவே வைக்கலாம்.